இழுப்பு நோட்டு

1966, பிப்ரவரி 7, திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். திருவொற்றியூரில் பனி விலகவில்லை. காற்றில் கரிப்புகை வாடை. எனக்கு ஒன்பது வயது. மொட்டைமாடியில் நைனாவின் புறாக்கூண்டைப் பெருக்கிக்கொண்டிருந்தவன் மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டேன். விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. அவற்றை எண்ண முயன்றதாகவும் நினைவு.

என் இழுப்புக்கு ஏற்கெனவே நான்கு காரணங்கள் இருந்தன. அம்மா குச்சி ஐஸ் என்றாள். நைனா தொழிற்சாலைப் புகை என்றார். கடற்காற்றும் கண்ணேறும் அக்கம்பக்கத்தார் கொடுத்தவை. டிசம்பரில் போய்ப் பார்த்த ராயபுரத்து டாக்டரம்மா ஐந்தாவதாக எதையும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு வரும் இழுப்பு ஒரே நோய் இல்லை. சளி பிடித்தால் மட்டும் வருவது ஒன்று, ஓடினால் வருவது ஒன்று, ஏதோ ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் வருவது ஒன்று. எது என்று தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார். எப்போது வந்தது, அதற்கு முன் என்ன செய்தேன் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். இப்போது இழுப்பு வரும் என் பேத்தியைக் குழாயில் ஊதச் சொல்லி, கையில் லேசாகக் குத்திப் பார்த்து, ஒரே காலையில் சொல்லிவிட்டார்கள். அன்று நோட்டுதான்.

பதினோராம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு முறை இழுப்பு. எட்டும் கூண்டைப் பெருக்கிய பிறகு. ஆனால் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டிவிட்டு வரும் நைனா, சோறு கேட்கும் முன் மாடிக்குத்தான் போவார். கூடூரில் பறக்கவிட்ட பந்தயப் புறா திரும்பும் நாளில் சட்டைகூடப் போடாமல் வடக்கே பார்த்து நிற்பார். எட்டு இடத்திலும் ‘ஓடினேன்’ என்று எழுதினேன். டாக்டரம்மா அதை நம்பி, ஓடக் கூடாது என்றார். மாத்திரையும் அதற்கேற்பவே கொடுத்தார். ஐந்து வாரம் நடந்தே திரிந்தேன். இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நைனா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ராயபுரத்துக்கு ஓடினார். ஊசி போட்டு மூச்சு திரும்பியபின் டாக்டரம்மா நோட்டை உரக்க வாசித்தார். காலை ஆறு மணி, ஓடினேன். மறுநாளும் ஆறு மணி, ஓடினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, நோட்டில் இருந்ததை அன்றுதான் காதால் கேட்டார்.

“ஆறு மணிக்கு இவன் எங்க ஓடினான் டாக்டரம்மா? புறாக்கூண்டாண்டதானே கீறான், எங்கூட.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மா நோட்டை மூடினார்.

வெளியே வந்ததும், “இன்னாத்துக்குடா பொய் எழுதின?” என்றார். நான் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் புறாக்களை வியாசர்பாடி தோஸ்து ஒருவருக்குக் கொடுத்தார். பழகிய கூண்டுக்கே திரும்பும் பறவை. புது இடத்தில் சிறகைக் கட்டி அடைத்துத்தான் வைக்க வேண்டும். நைனாவுக்குத் தெரியாததா? கட்டச் சொல்ல வாய் வரவில்லை போலும். அவர் பஸ்ஸில் வீடு சேர்வதற்குள் அத்தனையும் மாடிச்சுவரில் வரிசையாக இருந்தன. “உனுக்கு முன்னாடியே வந்து குந்திக்கினு கீதுங்க” என்று அம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம் கையாலேயே சிறகுகளைக் கட்டி, கூடைகளில் அடைத்து, ஆந்திரத்துப் பெஜவாடாவுக்கு ரயிலில் ஏற்றினார். கூண்டைப் பிரித்து விறகாக்கினார்.

முப்பத்து நான்காம் நாள் சாயங்காலம் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. ஒரு கால் நொண்டியது. நைனா துண்டை வீசி, அதை உட்காரவிடாமல் துரத்தினார். “போ, இங்க இன்னா கீது உனுக்கு. போ.”

கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. புறாவின் மேல் அவருக்கு அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். அது போன பிறகும், இருட்டும்வரை அவர் ஏன் கீழே இறங்கவில்லை என்று யோசிக்கத் தெரியவில்லை.

அதன்பின் எனக்கு இழுப்பு வந்தது இரண்டே முறை, இரண்டும் சளியால். நைனாவுக்கு ஆன செலவு: பெஜவாடாவில் இருபத்திரண்டு புறாக்கள், எங்கே போனதென்று தெரியாதது ஒன்று. ஆக, இருபத்து மூன்று.