அம்மாவுக்குக் கட்டாத கழிவறை

ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பித்தளைக் கதவுக் குமிழ்கள் வந்து இறங்கின. பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா புது வீடு கட்டிக்கொண்டிருந்த, தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. ஒரு குமிழை எடுத்துத் திருகிப் பார்த்த அம்மா, உதட்டைக் கடித்துக்கொண்டு மெல்ல வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. மாடிப்படி ஏறினால் முழங்காலுக்குள் ஊசி இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால், கல்யாணப்பெண் மாதிரி இருக்கிறாள் என்பார்கள். அதனாலேயே அவள் வலியை யாரும் நம்பவில்லை.

கீழே புடவைக்கடை, மாடியில் இரண்டு குடும்பங்களுக்கும் குடித்தனம் என்பது பெரியப்பாவின் திட்டம். அவர் கடையில் வேலை பார்த்த அப்பா, அண்ணன் எதிரில் வாய் திறக்கமாட்டார். அம்மாவே கேட்டாள்.

“மாமா, கீழ ஒரு ரூமும் பாத்ரூமும் வெச்சுடுங்க. கதவுக்கும் இந்தக் குமிழ் வேணாம், அழுத்துற கைப்பிடி போடுங்க. என்னால முடியல.”

மேஸ்திரி முன்னாலேயே பெரியப்பா சிரித்தார். “குத்துக்கல்லாட்டம் நின்னுக்கினு முடியலன்றியே! வேலை செய்ய மனசில்லன்னு சொல்லு.”

குடிவந்த பிறகு ஒரு காலையில், ஈரக்கையால் குமிழைத் திருக முடியாமல் அம்மா குளியலறைக்குள் மாட்டிக்கொண்டாள். பெரியம்மா வெளியே நின்று, “சமையல் உன் முறைன்னா மட்டும் கதவு தொறக்காதா?” என்றாள். பள்ளிக்குக் கிளம்பிய நான் கதவைத் திறந்தேன். இரண்டு மணிக்கட்டுகளாலும் குமிழை நெருக்கிப் பிடித்தபடி அம்மா நின்றிருந்தாள்.

அடுத்த வருடம் ஏனாத்தூர் சாலையில் ஸ்கூட்டர் சறுக்கிப் பெரியப்பாவின் கால் ஒடிந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புவதற்குள் கடையை ஒட்டி ஓர் அறை, உட்காரும் கழிவறை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பிகள், கதவில் அழுத்தும் கைப்பிடி எல்லாம் தயார். அதே மேஸ்திரிதான்.

கால் கூடியதும் அவர் மாடிக்குப் போய்விட்டார். அறையைப் பூட்டி வைத்தார். விருந்தாளிகளுக்கு மட்டும் திறந்து காட்டுவார். “முடியாதவங்கள நெனச்சு வீடு கட்டணும்பா.”

அம்மா ஒருநாள் சாவி கேட்டாள். கடை நிறைய ஆட்கள்.

“உனக்கு எங்க கால் ஒடிஞ்சுது?” என்றார் பெரியப்பா.

புடவை மடித்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. அம்மா திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக நகர்ந்து மேலே போனாள்.

இன்று வீட்டு வரைபடம் போடுவது என் தொழில். கீழே ஓர் அறை வேண்டும் என்பவர்களிடம் ஏன் என்று நான் கேட்பதில்லை.

அம்மா கடைசிவரை அந்த மாடியில்தான் இருந்தாள். அவள் இறந்த அன்று, உடம்பைக் குளிப்பாட்ட மாடியில் இடம் போதாது என்று சொல்லி, பெரியப்பாவே அந்த அறையைத் திறந்துவிட்டார்.