பேட்டரிக்கு வைத்த பொட்டு

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் என் காரின் ஹெட்லைட் விட்டுவிட்டு எரிந்தது. இன்று உப்பல் ஏரியாவில் மெக்கானிக் யூசுப் பாயிடம் காட்டினேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தார். டைனமோ நன்றாகவே சார்ஜ் செய்கிறதாம். பேட்டரி கிளாம்பைக் கழற்றியவர் சிரித்துவிட்டார்.

"டெர்மினல் பே சந்தன் கைக்கு, மேடம்?" டெர்மினலில் எதற்குச் சந்தனம் என்கிறார்.

கிளாம்புக்கு அடியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கரண்ட்டை மறித்திருந்தன. சுரண்டிவிட்டு இறுக்கினார். லைட் நிலையாக எரிந்தது.

ஆயுத பூஜைக்குப் புது பேட்டரி மாட்டியவர் என் கணவர். சாமி கும்பிடாதவர். போன் செய்து கேட்டேன்.



"ஷிஃப்ட் முடிஞ்சு தனியா ஓட்டிட்டு வர்றே. வெளிய வச்சா நீ கிண்டல் பண்ணுவே."

அடுத்த வருஷம் பானெட்டிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டு நாத்திகர் பொட்டை எங்கே ஒளித்து வைக்கிறார்?