கராஜுக்குள் மூன்று விஸ்கி

எங்கே போனாலும் போர்பன், போர்பன் என்கிறார்கள், அமெரிக்காவில் வேறு விஸ்கியே இல்லாத மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை பின்னேரம், வேறு வகையில் மூன்று போத்தல்கள் வாங்கி, மனைவியின் தம்பியை ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

"வீட்டுக்குள்ள மணக்கும், கராஜுக்குப் போங்கோ" என்று மனைவி துரத்திவிட்டாள். கராஜ்தான் எங்கள் இரண்டாவது குசினி. கோட்டுகளில் மணம் ஏறக்கூடாதென்று மீனும் கருவாடும் அங்கேதான் பொரியும். அன்று காலையும் பொரிந்திருந்தது.

நான் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தேன். ரை தானியத்தில் செய்த விஸ்கி: 'மிளகு, பின்னால் கருவாடு.' விறகுப் புகையில் காயவைத்த பார்லியில் செய்தது: 'புகை, பின்னால் கருவாடு.' மச்சான் கலக்கக் கோலா கேட்டான். "வாயை மூடிக்கொண்டு மணந்து பார்" என்று ஏசினேன்.

மூன்றாவது சோள விஸ்கி. பீப்பாவில் ஊறாததால் அதற்குத் தண்ணீரைப் போல நிறமே இராது. மச்சான் ஊற்றிவைத்திருப்பான் என்று முன்னால் இருந்த கிளாஸை எடுத்துக் குடித்தேன். தொண்டையில் எரிவே இல்லை. என்ன மிருது! கருவாடுகூட மெல்லிசாகத்தான். பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டு, இதுதான் கைதேர்ந்தவன் வேலை என்று கால் மணித்தியாலம் விளக்கம் கொடுத்தேன்.

மச்சான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டான். "ஓம் அத்தான். ஆனா அது நீங்கள் வாய் கொப்பளிக்க வைச்ச தண்ணி. சோளப் போத்தல் இன்னும் திறக்கேல்லை."

திறந்து குடித்தேன். நாலு புள்ளி போட்டேன். தண்ணீரின் பத்தை மாற்றவில்லை.