மூன்றாம் முறை வந்த தையல்காரர்

ஆண்கள் அறுவை வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அந்த நர்சுக்கு நோயாளிகள் வைத்த பெயர் ‘கறார் சிஸ்டர்’. சீழும் ரத்தமும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவளுக்குக் குமட்டியதெல்லாம் மனிதர்கள்தான்.

சர்க்கரை வியாதிக்காரரான ஒரு தையல்காரர், கால் புண் ஆறி வீட்டுக்குப் போவார்; மறு மாதமே அழுகிய காலோடு திரும்புவார். மூன்றாம் முறை கட்டைப் பிரித்தபோது புழு நெளிந்தது.

“சொன்னா கேக்குற ஆளா இவரு? அடுத்த தடவை காலை எடுத்துட வேண்டியதுதான்” என்று எரிந்து விழுந்துவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

நோயாளியின் வீட்டு நிலைமையைக் கேட்டு எழுதச் சொல்லிப் புதிதாக ஒரு படிவம் வந்திருந்தது. “‘பிரச்சினை இல்லை’ன்னு டிக் அடிச்சுடுங்க. தோண்டினா நமக்குத்தான் தலைவலி” என்றார் தலைமை நர்ஸ். கறார் சிஸ்டர் படிவத்தோடு தையல்காரர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, வீட்டுல எங்க படுக்கிறீங்க?”

அவர் சுவரைப் பார்த்தார். “பாத்ரூம் வாசல்லம்மா. எப்பவும் ஈரமாத்தான் கிடக்கும். புண்ணு நாறுதுன்னு பிள்ளைங்களால சாப்பிட முடியல. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல.”

மகனை வரவழைத்தாள். சலவைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை.

“வீட்டுல இடமில்ல சிஸ்டர். முன்னறையில மீன் தொட்டி இருக்கு.”

“மீனுக்கு முன்னறை, பெத்தவருக்குக் கக்கூஸ் வாசலா? நாங்க ஆத்தி அனுப்புறோம், நீங்க அழுக வச்சு அனுப்புறீங்க. வெக்கமா இல்ல?”

அவன் கைக்குட்டையை எடுக்கவே இல்லை. அவன் போனதும் கை கழுவினாள். அவனைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் இரண்டு முறை கழுவினாள்.

“ஐயா, வேற யாருமே இல்லையா?”

“தங்கச்சி இருக்கா. அவகிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டான் பையன்.”

சிஸ்டரே போன் செய்தாள். மத்தியானமே தங்கச்சி வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” நான்கே நாளில் கட்டுப் போடக் கற்றுக்கொண்டு, அண்ணனைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். இரண்டு கால்விரல் போயிற்று, கால் தப்பியது.

கிளம்பும்போது தையல்காரர், “பையன் மேல கோவப்படாதீங்கம்மா” என்றார். அந்தப் பேச்சைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

வருடக் கடைசிக் கூட்டத்தில், “நம்ம வார்டோட அக்கறைக்கு இதுதான் சாட்சி” என்று தலைமை நர்ஸ், கறார் சிஸ்டர் எழுதிய அந்தப் படிவத்தைத் திரையில் காட்டினார். டாக்டர்தான் முதலில் கைதட்டினார். கறார் சிஸ்டர் பாதியில் எழுந்து வெளியே போனாள். ஒன்பதாம் கட்டில்காரருக்குக் கட்டு மாற்ற நேரமாகியிருந்தது.