மதினியை மறித்த நாள்

என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் மெஷின்மேனாக இருந்தார். 1960களின் நடுவில் அவர் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் வந்தன. காசநோயால் வரும் கண்டமாலை என்று ஒரு வருஷம் மருந்து சாப்பிட்டும் கரையவில்லை. மதுரையில் ஒரு கட்டியை வெட்டியெடுத்துப் பரிசோதித்த பிறகுதான் புற்று என்றார்கள்.

அதற்கு நரம்பில் ஊசி போட்டார்கள். அன்று சாயங்காலம் தொடங்கிய வாந்தி மறுநாள்தான் நின்றது. ஊசி ஏறிய நரம்பு கறுத்து, கயிறு மாதிரி கெட்டிப்பட்டுவிட்டது. ஆனாலும் கட்டிகள் வற்றின. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்த மருந்து ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களையும் சேர்த்து அழிக்கும், அவை மறுபடி ஊறும்வரை சாதாரணச் சளிகூட இவருக்கு ஆபத்து, யாரையும் கிட்டே விடாதீர்கள் என்றார்.

எங்கள் பக்கம் அது லேசில் நடக்கிற காரியமில்லை. சீக்காளியைப் பார்க்க வராவிட்டால்தான் குறை. சாத்துக்குடியோடு வந்தவர்களையெல்லாம் வெளியிலேயே உட்காரவைத்து, காப்பி கொடுத்து அனுப்பினேன்.

மல்லாங்கிணற்றிலிருந்து மதினி வந்தார். இவருடைய அக்கா. தாயில்லாத இவரை வளர்த்தவர். வரும்போதே இருமிக்கொண்டு வந்தார். நிலையில் கை வைத்து மறித்தேன்.

"கோவிச்சுக்கிடாதீக மதினி. இருமலோட உள்ள விட முடியாது."

"நான் தூக்கி வளத்த பிள்ளைய நான் பாக்கக் கூடாதா?"

உள்ளேயிருந்து இவர், "டாக்டர் சொன்னதத்தான் செய்றா. சளி விட்டதும் வாக்கா" என்றார். மதினி காப்பியைத் தொடவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். புருஷனைப் பூட்டிவைத்திருக்கிறாள் என்று சொந்தத்தில் பேச்சு வந்தது.

அம்புட்டுக் காவல் இருந்தும் மறுவாரம் காய்ச்சல் வந்துவிட்டது. வாயெல்லாம் புண். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வெளியிலிருந்து வந்ததல்ல, அவர் வாயிலேயே எப்போதும் இருக்கிற கிருமிதான், எதிர்க்க அணுக்கள் இல்லாததால் பெருகிவிட்டது என்றார் டாக்டர். பென்சிலின் ஊசியில் காய்ச்சல் மெல்ல இறங்கியது. அப்படியானால் மதினியை விரட்டியது வீண்தானா என்று கேட்டேன். "இல்லம்மா. அந்த இருமலும் சேர்ந்திருந்தா தாங்கியிருக்க மாட்டார்."

சேதி தெரிந்து மதினி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலைத் தாண்டாமல் அங்கேயே நின்றார்.

"இருமல் விட்டுப்போச்சு தாயி. வரலாமா?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் அவர்தான் கூடவே இருந்து, குழைந்த சோற்றை ஆறவைத்து ஊட்டினார். இவர் தேறி, சில வருஷம் வேலைக்கும் போனார். பிறகு கட்டி வயிற்றில் வந்தது. அந்தத் தடவை ஊசிக்குக் கேட்கவில்லை.