மறு நிக்காஹ்

பள்ளிவாசலில் தொழ வைக்கிற அவரை இடி ஹஸ்ரத் என்று சொன்னால்தான் ஊரில் தெரியும். மைக் இல்லாமலே பக்கத்துத் தெருவரை கேட்கிற தொண்டை. அதை வைத்துக்கொண்டு எதிர் ஜமாஅத்தை வெளுத்து வாங்குவதே அவர் பிழைப்பாகிவிட்டது. அவர்களுடைய இமாமின் பின்னால் நின்று தொழுதால் கட்டிய மனைவியோடு நிக்காஹ் முறிந்துபோகும், பாவமன்னிப்புக் கேட்டு தவ்பா செய்து மறுபடி முடிக்க வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கினார். தெரியாத்தனமாகத் தொழுதுவிட்டு வந்து கையைப் பிசைந்தவர்களுக்கு மறு நிக்காஹும் முடித்து வைத்தார். அந்த இமாம் வேறு யாருமில்லை, ஹஸ்ரத்தின் கூடப்பிறந்த தம்பி.

தாயார் தம்பி வீட்டில்தான் கண்ணை மூடினார். செய்தி வந்ததிலிருந்து ஹஸ்ரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், செருப்பை மாட்டினார், கழற்றினார். போய் முகம் பாருங்கள், தொழுகையில் மட்டும் நிற்காதீர்கள் என்று அவருடைய பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் போனில் நச்சரித்துக்கொண்டே இருந்தார்.

ஹஸ்ரத் போய்ச் சேர்ந்தபோது, அடக்கத்துக்கு முந்தைய ஜனாஸா தொழுகைக்கு வரிசை கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி அண்ணனிடம் வந்தான்.

"மூத்த பிள்ளை நீங்க இருக்கீங்க. நீங்களே தொழ வைங்கண்ணே."

ஹஸ்ரத் முன்னால் போனதும் பின்னால் வரிசை கலைந்தது. இவர் பின்னால் தொழுதால் செல்லாது என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சொல்லிக் கொடுத்ததே தம்பிதான். தாயாருக்காக வந்த கூட்டம் ஓரமாக ஒதுங்கி நின்றது. ஹஸ்ரத் திரும்பிப் பார்த்தார். தம்பியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு, அவன் பின்னால் நின்று கை கட்டினார்.

மறுநாளே கமிட்டி வீட்டுக்கு வந்துவிட்டது, கையோடு சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு. தவ்பா செய்து மறு நிக்காஹ் முடித்தால் பதவி நிலைக்கும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வேறு ஆள். சொந்தத் தீர்ப்பாயிற்றே, ஹஸ்ரத் தலையாட்டினார். தலைவர் உள்ளறைப் பக்கம் திரும்பிச் சம்மதமா என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் ஹஸ்ரத்தின் மனைவி. "பெத்தவளுக்குத் தொழுததுல முறியற அளவுக்கு எங்க கல்யாணம் ஒண்ணும் லேசுப்பட்டது இல்ல."

தலைவர் ஹஸ்ரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமைக்கு வேறு ஆளையே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் ஹஸ்ரத்துக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

அவர்கள் போன பிறகும் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நடந்துகொண்டே மனைவியிடம் கேட்டார்:

"நான் மறு நிக்காஹ் முடிச்சு வச்ச வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் சம்மதம்னுதானே சொன்னாங்க?"

"அவங்களுக்கும் இல்லன்னு சொல்லத்தான் இருந்திருக்கும்" என்றாள் அவள். "எதிர்ல நீங்கல்ல உக்காந்திருந்தீங்க."