தேன்வாயரின் நாய்க்கு வந்த நடுக்கம்

கோபம் வந்தால் சிலருக்குக் கை நீளும், சிலருக்கு நாக்கு நீளும். தேன்வாயருக்குக் குரல் இனிக்கும். துணி துவைக்கும் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் பத்தொன்பது வருடம் போன் எடுத்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. எதிர்முனையில் சத்தம் ஏற ஏற நம் குரல் இறங்க வேண்டும், இனிக்க வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. "உன் கம்பெனியைக் கொளுத்தணும்யா!" என்று ஒருவர் கத்துவார். "உங்க சிரமம் எங்களுக்கு முழுசாப் புரியுது சார்" என்பார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு. தேன்வாயர் என்பது கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர். மனிதர் அதை விருது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் ஒரு நாய் இருந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் மேனேஜர். ஆபீசில் மேனேஜர் சொன்னால் இவர் உட்கார வேண்டும். வீட்டிலாவது ஒரு மேனேஜரை உட்கார வைத்துப் பார்க்கலாமே என்ற அற்ப ஆசை. "டேய் மேனேஜர், உட்காருடா! வெட்கங்கெட்டவனே, எத்தனை பிஸ்கட்டுதான் தின்பே?" என்று வாயாரத் திட்டுவார். அது இடுப்பு கழன்று விழுகிற மாதிரி வாலை ஆட்டும். இரண்டு வருடம் இப்படிச் சந்தோஷமாகத்தான் ஓடியது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் கம்பெனி புகார்ப் பிரிவு இருந்த மாடியைக் காலி செய்து, எல்லோரும் வீட்டிலிருந்தே போன் எடுங்கள் என்று சொல்லிவிட்டது. ஹாலின் மூலையில் மேஜை வந்தது, தலையில் ஹெட்செட் ஏறியது. மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், காலையில் போய்விடுவாள். மகள் பள்ளிக்கூடம். பகல் முழுக்க இவரும் மேனேஜரும்தான்.

முதல் வாரம் நாய் தன் முன்னங்காலைப் புண்ணாகும்வரை நக்கியது. இரண்டாம் வாரம் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் உடம்பைத் திணித்துக்கொண்டு நடுங்கியது. அப்புறம் அந்தச் சந்திலிருந்தே முகத்தைத் தூக்கி ஊளையிடத் தொடங்கியது. தேன்வாயர் பதறிப்போய் மண்டியிட்டு, "என்னடா கண்ணா, எதுவா இருந்தாலும் சரி பண்ணிடலாம்டா" என்று கனிவாகக் கூப்பிட்டார். நாய் பயத்தில் அங்கேயே மூத்திரம் போய்விட்டது.

கீழ்வீட்டுக்காரர் குடியிருப்போர் சங்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாளுக்குள் ஊளை நிற்க வேண்டும், இல்லையென்றால் நாய் வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்தது. தேன்வாயர் சங்கச் செயலாளர் வீட்டுக்கு ஓடினார். செயலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, சிரித்த முகமாகச் சொன்னார்: "உங்க சிரமம் எங்களுக்கு முழுசாப் புரியுது சார். கண்டிப்பா பரிசீலிக்கிறோம்."

அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று தேன்வாயருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பத்தொன்பது வருடமாக அதைச் சொல்லித்தானே மனிதர்களை அனுப்பிவைத்தார்! நாயை அனுப்பிவிட்டு வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குப் புரியவில்லை. உலகத்தில் அவர் மனம் விட்டுப் பேசிய ஒரே ஜீவன் அதுதான்.

நாய்க்கு வியாதி என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா சுவரில் மாட்டிய கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், நாய் தன் முகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறதாம். கழற்றினார். மனைவியோடு வேலை பார்ப்பவர் சத்து மாத்திரை கொடுத்தனுப்பினார். விளம்பரத்தில் பார்த்துப் போன் செய்த ஒரு நாய் நிபுணர், "உங்க நாய்க்குத் தன்னம்பிக்கை குறைவு. அதட்டவே கூடாது. நாள் முழுக்க இனிமையா பேசிக்கிட்டே இருங்க" என்றார். தேன்வாயருக்குச் சொல்லவா வேண்டும்? நாள் முழுக்கப் பொழிந்தார். மூன்றாம் நாள் நாய் சாப்பாட்டையே நிறுத்தியது.

கடைசியில்தான் உண்மையான கால்நடை டாக்டரிடம் போனார்கள். மணிக்கட்டு முழுக்கக் கீறல் தழும்போடு இருந்த அந்த அம்மா அதிகம் பேசவில்லை. "உடம்புல ஒண்ணுமில்லை. எதையோ பார்த்துப் பயப்படுது. ஒரு நோட்டு போடுங்க. எப்போ நடுங்குச்சு, என்ன செஞ்சுது, அதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது. அந்த முந்தின நிமிஷம்தான் முக்கியம்."

நோட்டுப் போடுவதா? தேன்வாயருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அன்றே கோடு போட்டுத் தொடங்கினார். புகார் எண் ஒன்று. காலை 10.12. புகார்தாரர்: மேனேஜர். விவரம்: சந்தில் புகுந்து நடுக்கம். முந்தின நிமிடம்: ஒன்றுமில்லை, வேலையில் இருந்தேன். நடவடிக்கை: அன்பாகப் பேசி வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நிலை: முடிக்கப்பட்டது.

ஐந்து நாளில் முப்பத்தொரு புகார்கள். முப்பத்தொன்றும் முடிக்கப்பட்டன. புகார்தாரர் மட்டும் சந்தை விட்டு வெளியே வரவில்லை.

சனிக்கிழமை மதியம், கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது, மகள் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினாள். பக்கத்தில் அப்பாவின் ஆபீஸ் நோட்டும் கிடந்தது. அதில் ஒவ்வொரு அழைப்புக்கும் நேரம் குறித்து, கத்தியவர்களுக்கு ஒரு சிவப்புப் புள்ளி, கெட்ட வார்த்தை பேசியவர்களுக்கு இரண்டு புள்ளி என்று வைத்திருந்தார். அவள் இரண்டு நோட்டையும் அருகருகே விரித்தாள்.

"அப்பா, 10.12க்கு யாரு?"

"மெஷின் டிரம் உடைஞ்ச ஆளு. ரெண்டு புள்ளி."

"11.40?"

"தண்ணி ஒழுகுதுன்னு ஒரு அம்மா. அவங்களும் ரெண்டு."

"ரெண்டு புள்ளி வர்றப்பெல்லாம் மேனேஜர் சந்துல புகுந்து நடுங்கியிருக்கு. நீங்க என்ன, திருப்பிக் கத்துனீங்களா?"

"நானா? கத்துறதா?" தேன்வாயருக்கு ரோஷம் வந்துவிட்டது. "தேனா பேசினேன்!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி கையை நிறுத்தினாள். "அதான்" என்றாள்.

"என்ன அதான்?"

"குளிப்பாட்டறப்போ, நகம் வெட்டறப்போ, யாராவது வந்தா பாத்ரூம்ல அடைக்கறப்போ, அதுகிட்ட எந்தக் குரல்ல பேசுவீங்க? இந்தக் குரல்லதானே? நீங்க இனிச்சா என்னமோ நடக்கப்போகுதுன்னு அதுக்குத் தெரியுங்க. வேணும்னா இப்பவே கூப்பிட்டுப் பாருங்க."

தேன்வாயர் தொண்டையைச் செருமினார். "மேனேஜர் சார், உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி." நாய் வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு சந்துக்குள் போனது. "டேய் தடியா, வெளிய வாடா!" வாலை ஆட்டிக்கொண்டு வந்து நின்றது. மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பார்த்தார். நாய்க் காதுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டா? ஊளை இரண்டு மடங்கானது. கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்தார். தேன்வாயர் ஹெட்செட்டோடு கதவைத் திறந்து ஹாலுக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து டிரம் உடைஞ்ச ஆள் மறுபடி லைனில் வந்தார். வந்த வேகத்தில் தேன்வாயரின் பரம்பரையையே இழுத்தார். பேசுவதெல்லாம் பதிவாகிறது, இனிமைக்கு மதிப்பெண் உண்டு, குறைந்தால் வேலைக்கே உலை. வழக்கமான வாக்கியம் நுனிநாக்கில் வந்து நின்றது. சந்திலிருந்து மேனேஜரின் இரண்டு கண்கள் அவரையே பார்த்தன.

"சார், கத்துங்க, தப்பில்லை" என்றார் தேன்வாயர், சொந்தக் கரகரப்புக் குரலில். "அஞ்சு தடவை புகார் கொடுத்தீங்க. அஞ்சையும் முடிச்சாச்சுன்னு எழுதி மூடினது நான்தான். அந்த டிரம் எங்ககிட்ட கிடையாது. இன்னும் மூணு வாரம் ஆகும். நம்புனா நம்புங்க."

"இதை மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமேய்யா" என்றார் அந்த ஆள், சாதாரணமாக. நாய் மூக்கை வெளியே நீட்டியது.

அதற்கப்புறம் போனில் தேனும் இல்லை, வீட்டில் ஊளையும் இல்லை. கெடு முடிந்த அன்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: புகார் முடிக்கப்பட்டது. கம்பெனியிலிருந்து நிஜ மேனேஜர் பேசினார். "உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா சார்" என்று அவர் ஆரம்பித்ததுமே தேன்வாயருக்கு விஷயம் விளங்கிவிட்டது. உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். டிரம் பெட்டிகளிடம் யாரும் இனிமையாகப் பேச வேண்டியதில்லை என்பதால் அவருக்கு அது தண்டனையாகவே படவில்லை.

கதை இங்கே முடிந்ததென்று அவரும் நினைத்தார். ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது மகள், பள்ளியில் கடற்கரைக்கு மூன்று நாள் கூட்டிப்போகிறார்கள், நானும் போகட்டுமா என்று கேட்டாள். கடல் என்றதும் தேன்வாயரின் குரல் தானாகவே இனித்தது.

"உன் விருப்பத்தை அப்பா ரொம்ப மதிக்கிறேன்மா" என்றார். "கண்டிப்பா பரிசீலி..."

காலடியில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து சந்துக்குள் போனது. மகளும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீ எங்க போறே?"

"வழக்கமா போற இடத்துக்குத்தான்" என்றாள், அறைப் பக்கம் திரும்பி. "போன தடவை நீங்க மதிச்சப்போ என் நீச்சல் வகுப்பு நின்னுபோச்சு."

தேன்வாயர் மனைவியைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை. இந்தப் பெண் எத்தனை வருடமாக இப்படித் தட்டோடு எழுந்து போகிறாள்! படிப்பில் அக்கறை என்றல்லவா அவர் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"நில்லு கழுதை!" என்று கத்தினார். "அனுப்ப மாட்டேன்! கடல்னா எனக்குப் பயம்! உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னடி பண்ணுவேன்?" கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

மேனேஜர் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. மகள் திரும்பி வந்து தட்டை டங்கென்று மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"நீச்சல் கத்துக்க விட்டிருந்தா இந்தப் பயம் எதுக்குப்பா?" என்று அவளும் கத்தினாள்.

மனைவி தண்ணீர்ச் சொம்பைக் கைக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். அரைமணி நேரம் அப்பாவும் மகளும் தொண்டை கட்டுகிறவரை சண்டை போட்டார்கள். மேஜைக்கு அடியில் இருவர் காலிலும் குறுக்கே படுத்து மேனேஜர் குறட்டை விட்டது.